கிரில் அடுப்புக்கு எத்தனை ரெகுலேட்டர்?

வீட்டுல கேஸ் அடுப்பைப் பத்த வைக்கிறப்ப நீங்க ரெகுலேட்டரைப் பத்தி யோசிச்சிருக்கவே மாட்டீங்க. நானும் யோசிச்சதில்ல. மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்சாச்சு, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரை முதல் அட்டெம்ப்ட்லயே கிளியர் பண்ணியாச்சு. ஆனா ரெகுலேட்டர்னா என்னன்னு எனக்கு உருப்படியா புரிஞ்சது, அதிராம்பட்டினத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில ரெண்டு கிலோ கொடுவா மீன் ஒரு மணி நேரமா வேகாம கிடந்த அன்னைக்குத்தான்.

கதை எங்க மாமாகிட்ட இருந்து ஆரம்பிக்குது. பத்து வருஷத்துக்கு மேல அமெரிக்காவுல இருந்துட்டு ஊருக்கே வந்துட்டார். அங்க இருந்தப்ப லீவு விட்டா ஒரு கேம்பிங் டிரெய்லரை வாடகைக்கு எடுத்து, காருக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு ஏதாவது ஏரிக்கரைக்குப் போயிடுவாங்களாம். டிரெய்லர்னா சக்கரம் வெச்ச சின்ன வீடு. முன்பக்கம் ரெண்டு ப்ரொப்பேன் சிலிண்டர் நிக்கும். உள்ள இருக்கிற அடுப்பு, ஹீட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாத்துக்கும் அதுல இருந்துதான் கேஸ். வெளிப்பக்கச் சுவர்ல ஒரு இணைப்பு வாய் இருக்கும். கிரில் அடுப்போட டியூபை அதுல 'டக்'னு சொருகினா கேஸ் வந்துடும். தனி சிலிண்டர் தூக்கிட்டுப் போக வேண்டாம். மாமா அந்த சுகத்துல பழகினவர். ஊருக்குத் திரும்பும்போது கன்டெய்னர்ல சாமானோட சாமானா, நாலு பர்னர் கிரில் ஒண்ணையும் ஏத்தி அனுப்பிட்டார்.

அந்த கிரில்லோட ரெகுலேட்டர் நம்ம ஊர் சிலிண்டர்ல மாட்டாது. நம்ம சிலிண்டர் வால்வு அழுத்திச் சொருகுற மாதிரி, அவங்களோடது பெரிய பிளாஸ்டிக் நட்டைத் திருகுற மாதிரி. மாமா பட்டுக்கோட்டைக்குப் போய் ஒரு லேத் பட்டறையில இணைப்புத் துண்டு கடைஞ்சு வாங்கிட்டு வந்தார். அதுல ஒரு முனை அமெரிக்க ரெகுலேட்டருக்குள்ள போகும், இன்னொரு முனை நம்ம ரப்பர் டியூபுக்கு. ஆக வரிசை இப்படி: சிலிண்டர், அதுமேல நம்ம வீட்டு ரெகுலேட்டர், டியூப், அமெரிக்க ரெகுலேட்டர், கிரில். பெருநாள் சாயங்காலம், சொந்தக்காரங்க எல்லாம் மாடியில. பத்த வெச்சோம்.

"என்னடா இன்ஜினியரு, மெழுகுவத்தி மாதிரி எரியுது?"

எனக்கு பதில் தெரியல. சிலிண்டர் காலியா இருக்கும்னு சொன்னேன். முந்தின நாள்தான் புது சிலிண்டர் வந்திருந்தது. (உம்மா அதை எல்லார் முன்னாடியும் சொன்னாங்க.)

பதில் இப்ப தெரியும், சொல்றேன். வீட்டு சிலிண்டருக்குள்ள இருக்கிறது ப்ரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அதுக்கு மேல அதோட ஆவி. நம்ம ஊர் வெயில்ல அந்த ஆவியோட அழுத்தம் சாதாரணமா 5-லிருந்து 7 பார் வரை இருக்கும். 'பார்'னா உடனே எதுவும் தோணாது, அதனால தண்ணியா மாத்திப் பாருங்க. 1 பார்ங்கிறது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணி அடியில கொடுக்கிற அழுத்தம். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதாவது ஏறக்குறைய 66 மீட்டர். அந்த உயரத்துக்கு ஒரு குழாயை நிறுத்தி தண்ணி நிரப்பினா, அடியில என்ன அழுத்தம் இருக்குமோ அதுதான் உங்க சமையல்கட்டு சிலிண்டருக்குள்ள இருக்கு.

அடுப்புக்கு வேண்டியது எவ்வளவு தெரியுமா? 30 செ.மீ. தண்ணி. ஸ்கூல் பையில இருந்த பெரிய ஸ்கேல் உயரம், அவ்ளோதான். இந்தியாவுல வீட்டு ரெகுலேட்டர் வெளியே விடுற அழுத்தம் அதுதான், 30 மில்லிபார்னு சொல்லலாம். பெரிய கோயில்ல இருந்து ஒரு ஸ்கேல் அளவுக்கு, இருநூறு மடங்குக்கு மேல இறக்குற வேலையை உள்ளங்கை அளவு டப்பா ஒண்ணு சத்தமில்லாம செய்யுது.

அந்த டப்பாவுக்குள்ள ஒரு ரப்பர் சவ்வு (டயஃப்ரம்னுதான் நமக்கு சொல்லிக் கொடுத்தாங்க), அதுமேல ஒரு ஸ்பிரிங், சவ்வோட இணைஞ்ச ஒரு நெம்புகோல், அந்த நெம்புகோல் நுனியில சின்ன துளையை மூடித் திறக்கிற அடைப்பு. அடுப்புப் பக்கம் அழுத்தம் கூடினா சவ்வு மேல எழும்பி துளையை மூடும், குறைஞ்சா ஸ்பிரிங் அதைக் கீழ தள்ளித் திறக்கும். சிலிண்டர்ல 5 பார் இருந்தாலும் 7 பார் இருந்தாலும், மே மாசமானாலும் மார்கழியானாலும், வெளியே அதே 30. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் கிளாஸ்ல ஃபீட்பேக் லூப்னு போர்டுல வரைஞ்சு தூங்க வெச்சாங்களே, அது நம்ம வீட்டு அடுப்படியிலயே தினமும் ஓடிட்டு இருக்கு.

இப்ப அந்தத் துளையை கவனிங்க. அது ரொம்பச் சின்னது. பின்னாடி பெரிய கோயில் அளவு தள்ளுவிசை இருக்கும்னு நம்பி அவ்வளவு சின்னதா வெச்சிருக்காங்க. எங்க கிரில்ல நடந்தது என்னன்னா, நம்ம ரெகுலேட்டர் முதல்லயே அழுத்தத்தை ஸ்கேல் அளவுக்கு இறக்கிடுச்சு. அந்த 30 செ.மீ. போய் அமெரிக்க ரெகுலேட்டரோட வாசல்ல நிக்குது. அது பல பார் அழுத்தம் வரும்னு காத்திருக்கிற ஆளு. அடைப்பை முழுசா திறந்தும், அந்தச் சின்னத் துளை வழியா போதுமான கேஸ் நுழைய தள்ளுவிசை இல்ல. மிச்சம் சொச்சம் போனதுதான் மெழுகுவத்தி.

இதுல வேடிக்கை, இதே தப்பை அமெரிக்காவுல டிரெய்லர் வாங்குறவங்களும் நிறைய பேர் பண்றாங்க. டிரெய்லர்ல முன்பக்க சிலிண்டர் பக்கத்துலயே ரெகுலேட்டர் இருக்கு. அது ரெண்டு படியா, முதல்ல முக்கால் பார் மாதிரி ஒரு அளவுக்கும் அப்புறம் 11 அங்குலத் தண்ணிக்கும் இறக்கும். பக்கவாட்டு இணைப்பு வாய் அதுக்கு அப்புறம் வர்றதால, அங்க கிடைக்கிற கேஸ் ஏற்கனவே இறங்கின கேஸ். ஆனா கடையில வாங்குற கிரில், தனி சிலிண்டர்ல நேரா மாட்டுறதுக்காக தன் ரெகுலேட்டரோட வருது. ரெண்டையும் அப்படியே சேர்த்தா அங்கயும் மெழுகுவத்திதான். அதனால டிரெய்லர்ல மாட்டுறப்ப, ரெகுலேட்டரைக் கழட்டிட்டு மாட்டலாம்னு கம்பெனியே சொல்ற கிரில்லாப் பார்த்து வாங்கணும். மாமா அங்க பயன்படுத்தினது டிரெய்லரோடவே வந்த, அந்த வாய்க்குன்னே செஞ்ச கிரில். ஊருக்கு அனுப்பினது வேற, வீட்டுக்கு வாங்கினது. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டார். சில டிரெய்லர்ல இன்னும் ஒரு சிக்கல்: இணைப்பு வாய் ரெகுலேட்டருக்கு முன்னாடியே, சிலிண்டர் பக்கம் இருக்கும். அங்க கிரில்லோட ரெகுலேட்டர் கட்டாயம் வேணும், கழட்டினா ஆபத்து. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி பித்தளை வாய்தான். அதனால எந்த ஊரா இருந்தாலும் முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, இந்த வாய் ரெகுலேட்டருக்கு முன்னாடியா, பின்னாடியா? சிலிண்டருக்கும் பர்னருக்கும் நடுவுல அழுத்தம் சரியான அளவுக்கு இறங்கணும், இறங்கினதை மறுபடி இறக்கக் கூடாது.

நாங்க அந்தக் கேள்வியைக் கேட்கல. "ரெகுலேட்டர் வீக்கா இருக்கு, பவர் உள்ளது வேணும்"னு முடிவு பண்ணினோம். தெருமுனையில பிரியாணி ஆக்குற பண்டாரி காக்கா வீடு. கல்யாண விருந்துக்கு அவர் வைக்கிற அடுப்பு, தேக்சாவையே தூக்கிடும் போல சீறும். அதுக்கு திருகு வெச்ச ஹைபிரஷர் ரெகுலேட்டர். மச்சான் போய் இரவல் கேட்டான். அவர் கொடுத்தார், ஆனா சொல்லித்தான் கொடுத்தார்: "இது எங்க அடுப்புக்கு உள்ளது தம்பி. உங்க டப்பா தாங்குமான்னு பாத்துக்கங்க." எங்க எல்லாரையும் விட அன்னைக்கு இன்ஜினியரிங் தெரிஞ்ச ஆள் அவர்தான்.

அதோட விட்டோமா? அமெரிக்க ரெகுலேட்டர் தான் அடைக்குதுன்னு அதைக் கழட்டிட்டு, ஹைபிரஷரை நேரா கிரில் டியூபுக்குக் கொடுத்தோம். பத்த வெச்சதும் 'புஸ்'ஸுன்னு சத்தம். தீ பர்னர்ல இல்ல, பர்னருக்கு மேல அந்தரத்துல நிக்குது. அடுத்த நொடி மூடியைத் தாண்டி எழும்பிச்சு. மச்சானோட ஒரு பக்கப் புருவம் போச்சு. தங்கச்சி, ஏழு வயசு, ரெண்டடி தள்ளி தட்டோட நின்னுட்டு இருந்தா. வாப்பா ஓடி வந்து சிலிண்டரை மூடினார். அதுக்கப்புறம் மாடியில கொஞ்ச நேரம் யாரும் பேசல.

கணக்கைப் பாருங்க. பர்னருக்குள்ள கேஸ் நுழையற ஜெட், ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்துல இருக்கிற ஓட்டை. கம்பெனிக்காரன் அதை 28 செ.மீ. தண்ணி அழுத்தத்துக்குன்னு கணக்குப் பண்ணித் துளை போட்டிருக்கான். துளை வழியா போற கேஸ், அழுத்தத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்தபடி கூடும் (பெர்னூலி, மூணாவது செமஸ்டர்). திருகை லேசாத் திருப்பி 3 மீட்டர் தண்ணி அழுத்தம் வந்துச்சுன்னு வெச்சுக்கங்க. பத்து மடங்குக்கு மேல அழுத்தம், மூணு மடங்குக்கு மேல கேஸ். ப்ரொப்பேனும் காத்தும் கலந்த கலவையில தீ பரவுற வேகம் நொடிக்கு சுமார் 40 செ.மீ. தான். கலவை அதைவிட ரொம்ப வேகமா வெளியே வந்தா தீயால பர்னர்ல உட்கார முடியாது, அந்தரத்துக்குப் போயிடும். எரியாத கேஸ் மூடிக்குக் கீழ சேர்ந்து மொத்தமா பத்தும். பண்டாரி அடுப்போட ஜெட்டும் பர்னரும் அந்த அழுத்தத்துக்குன்னே செஞ்சது, அதனால அங்க அது பத்திரம்.

மறுநாள் தெளிஞ்ச மூளையோட உட்கார்ந்து கிரில்லோட ஸ்டிக்கரைப் படிச்சோம். ப்ரொப்பேன், 11 அங்குலத் தண்ணி. செ.மீ.க்கு மாத்தினா 28. நம்ம வீட்டு ரெகுலேட்டர் 30. உலகத்தோட ரெண்டு மூலையில, கிட்டத்தட்ட ஒரே உயரத் தண்ணி! அப்போ அமெரிக்க ரெகுலேட்டர் இல்லாம, நம்ம வீட்டு ரெகுலேட்டர் ஒண்ணு மட்டும் போதும். மாமா அப்பவே கையில ஸ்பேனரோட எழுந்துட்டார். இந்த முறை வாப்பா விடல. கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் டியூப், நாசில், கிளிப் எல்லாம் மாத்தி, சோப்புத் தண்ணி போட்டுப் பார்த்த பிறகுதான் பத்த வெச்சோம். நீல தீ, பர்னர்ல ஒட்டி உட்கார்ந்தது.

ஓரத்துல கொஞ்சம் மஞ்சள் இருந்தது. அதுக்கும் காரணம் உண்டு. அங்க விக்கிறது ஏறக்குறைய முழு ப்ரொப்பேன். குளிர் நாட்டுல பியூட்டேனை நம்ப முடியாது, அது பூஜ்யம் டிகிரி கிட்டயே ஆவியாகறதை நிறுத்திடும். ப்ரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். நமக்கு அந்தக் கவலை இல்ல, அதனால நம்ம சிலிண்டர்ல பியூட்டேனும் கணிசமா இருக்கு. ஒரே ஜெட், ஒரே அழுத்தம்னா பியூட்டேன் பத்துப் பன்னெண்டு சதவீதம் கூடுதல் வெப்பம் கொடுக்கும், அதுக்கேத்த காத்தும் கேட்கும். ஐரோப்பாவுல பல நாடுகள்ல ஒரே அடுப்புக்கு பியூட்டேன்னா 30 மில்லிபார், ப்ரொப்பேன்னா 37 மில்லிபார்னு ரெண்டு ரெகுலேட்டர் விக்கிறதே இதை சமன் பண்ணத்தான். எங்களுக்கு பர்னர் கழுத்துல இருக்கிற காத்துத் தடுப்பை மெக்கானிக் கொஞ்சம் திறந்து விட்டதும் மஞ்சள் போயிடுச்சு. ஜெட்டை மட்டும் நீங்க ஊசி விட்டுப் பெருசாக்கிடாதீங்க. உங்க வீட்டுக்கு வர்ற கிரில் இயற்கை எரிவாயுவுக்குன்னு செஞ்சதா இருந்தா அதுல எல்.பி.ஜி.யைக் கொடுக்கவே கூடாது, அந்த ஜெட் நமக்கு ரொம்பப் பெருசு. இன்னும் வாங்கலைன்னா ஐ.எஸ்.ஐ. முத்திரையோட இந்திய எல்.பி.ஜி.க்குன்னு விக்கிறதையே வாங்கிடுங்க. கன்டெய்னர் செலவும் மிச்சம்.

நாலு பர்னரையும் ஒண்ணா எரிக்கிறது இல்ல, ரெண்டுதான். ஸ்டிக்கர் கணக்குப்படி முழுசா எரிஞ்சா மணிக்கு 900 கிராம் கேஸ் போகும். வீட்டு ரெகுலேட்டர் ரெண்டு மூணு அடுப்புக்குன்னு அளவெடுத்தது. அதோட, திரவம் ஆவியாக வெப்பம் வேணும், அதை சிலிண்டர்ல இருந்துதான் எடுக்கும். அந்த வேகத்துல எரிச்சா ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு, 90 வாட் கிட்ட, சிலிண்டர் குளிர்ந்துக்கிட்டே இருக்கும். எங்க ஊர் கடல்காத்து ஈரத்துல சிலிண்டருக்கு வேர்த்துக் கொட்டும், வேர்வை எந்த உயரம் வரைக்கும் இருக்கோ அதுவரைதான் உள்ள கேஸ் இருக்குன்னு கண்டுபிடிச்சுடலாம். குளிரக் குளிர அழுத்தம் இறங்கும், தீ சோர்ந்து போகும். அப்ப சிலிண்டரைப் படுக்க வைக்கிறது, சுடுதண்ணியில நிறுத்துறது மாதிரி வேலையெல்லாம் நீங்க பார்த்திருப்பீங்க. படுக்க வெச்சா ஆவிக்குப் பதிலா திரவமே ரெகுலேட்டருக்குள்ள போகும். ஒரு லிட்டர் திரவம் 250 லிட்டருக்குப் பக்கமா கேஸாகும். அந்த ஒரு ஸ்கேல் தண்ணி கணக்கெல்லாம் அப்ப எங்க நிக்கும்?

"மொட்டை மாடிதானே, திறந்தவெளிதானே"ன்னு நாங்களும் நெனச்சோம். எல்.பி.ஜி. காத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல கனம். கசிஞ்சா மேல போகாது, தண்ணி மாதிரி தரையில ஓடும். மாடியைச் சுத்தி மூணடி கைப்பிடிச் சுவர், அதுல இருக்கிற ஒரே திறப்பு படிக்கட்டு. கசிவு இறங்கிப் போறது நேரா வீட்டுக்குள்ள. காத்துல வெறும் 2 சதவீதம் கலந்தாலே பத்தும். கணக்குப் போட்டா, ஒரு கிலோ கேஸ் பத்துக்குப் பத்து ரூம் ஒண்ணை எரியக்கூடிய கலவையா மாத்தப் போதும். இப்ப கிரில் பின்பக்க முற்றத்துக்கு வந்தாச்சு, சிலிண்டர் தீக்கு எதிர்ப்பக்கம், டியூப் எட்டுற தூரம் வரை தள்ளி. டியூபும் ஒண்ணரை மீட்டருக்கு மேல வேண்டாம்.

சுவர் சூழ்ந்த இடத்துல இது என்ன பண்ணும்னு மதுரையில பார்த்தோம். 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. லக்னோவில இருந்து சுற்றுலா வந்தவங்களோட தனி ரயில் பெட்டி மதுரை ஸ்டேஷன் கிட்ட நிறுத்தியிருந்தது. விதியை மீறி உள்ள கொண்டு வந்திருந்த சிலிண்டர்ல டீ போடப் போய் தீப்பிடிச்சு 9 பேர் செத்துப் போனாங்க. சக்கரம் வெச்ச வீட்டுல சமைச்சு சாப்பிட்டு ஊர் சுத்துறது, மாமா சொல்ற அதே ஆசைதான். டிரெய்லர்ல சிலிண்டர் எப்பவும் வெளியே, கேஸ் பைப் வழியா உள்ள வரும், கசிவு காட்டுற அலாரம் தரைகிட்ட இருக்கும். இங்க அடுப்பும் சிலிண்டரும் பெர்த்துக்கு நடுவுல. நம்ம ஊர்ல டூர் வேன் பிடிச்சுப் போறப்ப டிக்கியில அரிசி மூட்டையோட சிலிண்டரையும் வெச்சுட்டுப் போறோமே, அடுத்த ஐ.வி.க்கு வேன் புக் பண்றவங்க இதை கொஞ்சம் பாருங்க. ஈ.சி.ஆர்.ல கிரில் சிக்கன் கடை போடற ஐடியா இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வரி: வீட்டு சிலிண்டரைக் கடையில வைக்க 2000-ஆம் வருஷ எல்.பி.ஜி. ஆணைப்படி அனுமதி இல்ல. கசிவு வாசனை வந்தா 1906, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க.

எங்க ஊருக்குன்னு தனியா ஒரு எதிரி உண்டு, உப்பு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். புதுசா மாத்தின கிளிப்புல ஆறே மாசத்துல துரு. ஆரஞ்சு கலர் டியூபுக்கு அஞ்சு வருஷம் ஆயுள்னு சொல்வாங்க, நாங்க அதுவரை காத்திருக்கிறதா இல்ல. ஒவ்வொரு தடவையும் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி சோப்புத் தண்ணி போடறது இப்ப தங்கச்சி வேலை. முட்டை வருதான்னு பார்க்கிறதுல அவளுக்கு ஒரு குஷி.

போன மாசம் உம்மா போன் பண்ணி, மூணாவது பர்னர் மட்டும் மஞ்சளா எரிஞ்சு புகையுதுன்னாங்க. ரெகுலேட்டரா, கேஸா, உப்பான்னு ஹாஸ்டல்ல உட்கார்ந்து பெரிய தியரி எல்லாம் யோசிச்சேன். அதுவரைக்கும் அதைத் தொட வேண்டாம்னு சொல்லிட்டு, வார லீவுல போய் பர்னரைக் கழட்டிப் பார்த்தா, காத்து நுழையற குழாய்க்குள்ள சிலந்தி கூடு கட்டியிருக்கு. பழைய டூத் பிரஷ்ஷால தட்டி எடுத்தேன். இப்ப நீலம்.